முகமும் முதலும்

சரித்திரம் என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பவர்கள் அரசர்கள், படைத்தலைவர்கள், சட்டம் வகுத்தவர்கள். இன்று நான் சொல்லப் புகுவதோ ஒரு முகத்தின் சரித்திரம். புதுப்புது ஆடைகளை அணிந்து மேடையில் நடந்து காட்டியும், புகைப்படக் கருவியின் முன் நின்றும் ஜீவனம் செய்பவர்களை உலகம் ‘மாடல்’ என்ற சொல்லால் வழங்குகிறது. அத்தகைய பெண்மணி ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், ‘மாணவர்கள் கற்றுக்கொள்ள இதில் என்ன இருக்கிறது?’ என்று உங்களுள் சிலர் புன்னகை புரியலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியவன்தான். அவருடைய வாழ்க்கையை ஊன்றிப் படித்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

இந்தத் தொழிலைப் போல ஆயுள் குறுகிய தொழில்கள் மிகச் சிலவே. பதினாறு, பதினேழு வயதில் தொடங்கி, முப்பது வயதை எட்டுவதற்குள் முடிந்துவிடுவதே இதன் பொது இயல்பு. வழக்கறிஞருக்கு வயது ஏற ஏற மதிப்பு ஏறுகிறது, வைத்தியருக்கும் அப்படியே. மாடலுக்கோ ஆண்டுதோறும் மதிப்புக் குறைகிறது. அவர் அணிந்த ஆடையும் அவருடையது அன்று. எடுத்த படமும் அவருடையது அன்று. மணிக்கு இவ்வளவு என்று பேசிய கூலி ஒன்றுதான் அவருக்கு உரியது.

இத்தகைய தொழிலில் 1975ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் வந்து இறங்கினார் ஒரு சோமாலிய நாட்டுப் பெண். 1989 வரையில் அத்தொழிலின் முன்வரிசையில் நின்றார். பின்னர்த் தாமே விடைபெற்றுக்கொண்டார். 1994இல் தம் பெயராலேயே ஒரு வியாபாரத்தை நிறுவினார். 2010இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் மன்றம் அவருக்குத் தன் சிறப்பு விருதை அளித்தபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அவர் பெயர் இமான். முப்பது வயதோடு முடியவேண்டிய தொழில்வாழ்வு இத்தனை காலம் நிலைத்தது எவ்வாறு? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

இமான் 1955ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மொகதிசு நகரில் பிறந்தார். பெற்றோர் முதலில் இட்ட பெயர் ஸாரா. பாட்டனாரின் விருப்பத்தால் அது இமான் என்று மாறியது. நம் நாட்டுத் தமிழ் முஸ்லிம்கள் ‘ஈமான்’ என்று வழங்கும் அதே அரபுச் சொல்தான் இது. நம்பிக்கை என்பது பொருள். தந்தையார் அரசாங்கத் தூதராகச் சவூதி அரேபியாவில் பணியாற்றியவர். தாயார் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். இமான் எகிப்து நாட்டில் விடுதிப் பள்ளியில் தங்கிக் கற்றார். சோமாலி, அரபு, இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் என ஐந்து மொழிகள் அவருக்கு வசப்பட்டன.

1960ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சோமாலியா விடுதலை பெற்றது. ஒன்பது ஆண்டுகளே கடந்தன. 1969 அக்டோபரில் குடியரசுத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் சியாத் பர்ரே என்னும் தளபதி ஆட்சியைக் கைப்பற்றினார். தூதரின் குடும்பத்திற்குத் தாய்நாட்டில் இடம் இல்லாமற்போயிற்று. செல்வ வாழ்வைத் துறந்து, எல்லை கடந்து, கெனியாவில் அகதிகளாகப் புகுந்தார்கள். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் நூல் பயிலும் மாணவியாக இமான் சேர்ந்தார். நேற்றுவரை தூதரின் மகள், இன்று கட்டணம் கட்டத் தவிக்கும் மாணவி என்ற நிலை.

அந்நாளில்தான் பீட்டர் பியர்டு என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நைரோபித் தெருவில் இவரைக் கண்டு, படம் எடுக்க அனுமதி கேட்டார். இமான் நாணிக் கோணவில்லை; மகிழ்ந்து மயங்கவும் இல்லை. என்ன கூலி தருவீர் என்று கேட்டார். பல்கலைக்கழகத்திற்குத் தாம் செலுத்தவேண்டியிருந்த கட்டணத்தையே கூலியாகப் பேசிப் பெற்றார். அக்கட்டணம் 8,000 டாலர் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மாணவ நண்பர்களே, இந்தச் சிறு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் இதுவே விதை.

பியர்டு படங்களுடன் நியூயார்க் சென்றார். படங்களோடு ஒரு கதையும் சென்றது. ஆப்பிரிக்கக் காட்டிலே ஆடுமாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியைத் தாம் கண்டெடுத்ததாக அவர் கூறினார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்றும் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் அக்கதையை விரும்பி ஏற்றன. ஐந்து மொழி அறிந்த ஒரு தூதரின் மகளைவிட, மொழியறியாத இடைச்சிதான் அவர்களுக்கு இனித்தாள் போலும்! தொலைதூர நாட்டு மக்களைப் பற்றி மேலைநாட்டார் நெடுங்காலமாகக் கட்டி வைத்திருந்த சித்திரம் அது. இமானை அந்தச் சித்திரத்தின் சட்டத்துக்குள் பொருத்திப் பார்த்தார்கள்.

ஆயினும் கதை நெடுநாள் நிற்கவில்லை. பேட்டி காண வந்தவர்கள் கேட்ட வினாக்களுக்கு அந்த ‘இடைச்சி’ நல்ல ஆங்கிலத்தில் விடை கூறினாள் அல்லவா? பிற்காலத்தில் தம் வரலாற்றை அவரே பலமுறை எடுத்துரைத்தார். 2001இல் தம் பெயரையே தலைப்பில் வைத்து நூலும் வெளியிட்டார். ஒருவரைப் பற்றிய கதையைப் பிறர் எழுதினால், அந்தக் கதை பழசாகும்போது அவரும் பழசாகிவிடுவார். இமான் நிலைத்ததற்கு முதற்காரணம், தம் கதையைத் தம் வாய்க்கு மீட்டுக்கொண்டதே என்று நான் கருதுகிறேன்.

நிற்க. அவர் வந்து சேர்ந்த காலத்தில் அமெரிக்க ஆடைத் தொழிலில் கறுப்பினப் பெண்களின் நிலை எவ்வாறிருந்தது என்பதையும் அறிதல் வேண்டும். இமான் வெற்று நிலத்தில் வந்து இறங்கவில்லை. நவோமி சிம்ஸ் என்ற பெண் 1960களில் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். நிறம் மிகக் கறுப்பு என்று சொல்லிக் கதவை அடைத்தார்கள். அவர் நிறுவனங்களை விட்டுவிட்டு நேரே புகைப்படக் கலைஞர்களை அணுகினார். 1967இல் நியூயார்க் டைம்ஸின் ஆடை மலரிலும், 1968இல் பெயர்பெற்ற பெண்கள் பத்திரிகை ஒன்றின் அட்டையிலும் அவர் முகம் வெளிவந்தது. 1974 ஆகஸ்டில் பெவர்லி ஜான்சன் என்பவர் அமெரிக்க ‘வோக்’ பத்திரிகையின் அட்டையில் இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். இவர்கள் வெட்டிய பாதையில்தான் இமான் நடந்தார்.

பாதை இருந்ததே தவிர, அது அகலமாக இல்லை. ஒரு காலத்தில் ஒரு கறுப்பினப் பெண் போதும் என்பது அந்நாளைய எழுதா விதி. ஆகவே புதியவர் ஒருவர் வந்தால் பழையவர் விலகவேண்டும் என்ற அச்சம் நிலவியது. இமானைப் பெவர்லி ஜான்சனுக்குப் போட்டியாகவே பத்திரிகைகள் நிறுத்தின. கறுப்பின மகளிருக்கென வெளிவந்த பத்திரிகையின் ஆசிரியை ஒருவரே, இமானின் சாயல் வெள்ளையருக்கு ஏற்ற சாயல் என்று இகழ்ந்தார். இந்த மனக்கசப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உள்நாட்டுப் பெண்களுக்குத் திறவாத கதவு, காட்டுக் கதையோடு வந்தவருக்கு எளிதில் திறந்ததைக் கண்டால் யாருக்குத்தான் வருத்தம் தோன்றாது?

கூலியிலும் வேற்றுமை இருந்தது. அதே ஆடை, அதே மேடை, அதே நேரம். ஆனால் கறுப்பினப் பெண்ணுக்குக் குறைந்த ஊதியம். இதை அறிந்த இமான், வெள்ளைப் பெண்களுக்குத் தரும் ஊதியம் தந்தாலன்றி வேலை செய்வதில்லை என்று மறுத்துவிட்டதாகக் கூறியிருக்கிறார். புது நாட்டில், துணையற்ற நிலையில், வந்த வேலையை மறுப்பது எளிதான காரியமா? ஆனால் நைரோபித் தெருவிலேயே விலை பேசத் தெரிந்திருந்தவர் அவர். தம் உழைப்பின் விலையைத் தாமே கூறியது அவருடைய நிலைபேற்றுக்கு இரண்டாவது காரணம்.

மூன்றாவது காரணமே யாவற்றிலும் பெரிது. அதைச் சொல்வதற்கு முன்பு என் சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன்.

நான் சிறுவனாயிருந்தபோது பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் போட்டார்கள். எனக்கு இளவரசன் வேடம். அரிதாரம் பூச வந்தவர் தம் பெட்டியைத் திறந்தார். அதில் இருந்தது ஒரே நிறம், ரோஜாப்பூ நிறம். சிவந்த மேனிப் பிள்ளைகளுக்கு அது பொலிவு தந்தது. என் கரிய முகத்தில் பூசியபோதோ, அடுப்புச் சாம்பலைத் தடவியது போல வெளிறித் தோன்றியது. அவையில் சிலர் சிரித்தார்கள். கண்ணாடியைப் பார்த்த நான், என் முகத்தில்தான் குறை இருக்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

இனி இமானுக்கு வருவோம். 1976இல் ‘வோக்’ பத்திரிகைக்காக அவரை முதன்முதலாகப் படம் எடுக்க அழைத்தார்கள். ஒப்பனை செய்பவர் அவரைப் பார்த்து, உமக்குரிய பூச்சைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீரா என்று கேட்டார். அருகிலிருந்த வெள்ளைப் பெண்ணிடம் அந்தக் கேள்வி எழவில்லை. பின்பு அவர் கைக்கு வந்த எதையோ கலந்து இமானின் முகத்தில் பூசினார். கண்ணாடியில் இமான் கண்டது சாம்பல் நிற முகம். அவர் என்னைப்போல் தம் முகத்தை நோகவில்லை; அந்தப் புட்டியில்தான் குறை என்று கண்டார்.

இதன் காரணம் விஞ்ஞானத்தில் இருக்கிறது. மேக்கப்பிற்கு அடித்தளமாகப் பூசும் ‘பவுண்டேஷன்’ என்னும் குழம்பில், மறைக்கும் தன்மைக்காக டைட்டேனியம் டையாக்சைடு என்ற வெண்பொடியைச் சேர்க்கிறார்கள். நிறத்திற்காகச் சேர்ப்பவை செம்மை, மஞ்சள், கருமை நிற இரும்புத் துருக்கள். வெளிறிய தோலை எண்ணிச் செய்த குழம்பில் வெண்மை மிகுந்திருக்கும். அதில் கருமையை மட்டும் கூட்டினால் கரிய தோலுக்குரிய நிறம் வந்துவிடுவதில்லை. வெண்மையும் கருமையும் கலந்து சாம்பல் நிறமே வருகிறது. கரிய தோலின் உள்ளே செம்மையும் பொன்மையும் ஒளிர்கின்றன. அவற்றை அளந்து சேர்க்க யாரும் முயலவில்லை. புகைப்படச் சுருளின் கதையும் இதுவே. 1950களிலிருந்து கோடாக் கம்பெனியார் படம் கழுவும் நிலையங்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தனர். அப்படத்தில் இருந்தவள் ஒரு வெள்ளைப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் யாவர் முகமும் சரி என்பது கணக்கு!

இமான் என்ன செய்தார்? சாதாரணக் கடைகளுக்குச் சென்று, கிடைத்த பூச்சுகளை எல்லாம் வாங்கிவந்தார். வீட்டில் ஒன்றோடொன்று கலந்து பார்த்தார். கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவது படத்தில் சரியாக வருவதில்லை என்பதால், உடனுக்குடன் படம் தரும் போலராய்டு கருவியால் தம்மைத் தாமே எடுத்துச் சோதித்தார். பொருந்திய கலவையைப் புட்டியில் அடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குச் சென்றார். அடுத்தமுறை பூச்சு கொண்டுவந்தீரா என்று கேட்டபோது அவரிடம் விடை இருந்தது. மற்றக் கறுப்பினப் பெண்களும் அது எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

இங்கும் அவருக்கு முன்னோடிகள் உண்டு. எபனி பத்திரிகையை நடத்திய ஜான்சன் குடும்பத்தார் 1973இல் கறுப்பினப் பெண்களுக்கென முகப்பூச்சு வியாபாரம் தொடங்கியிருந்தனர். அதே 1973இல் மாடல் தொழிலை விட்ட நவோமி சிம்ஸ், தம் இனப் பெண்களின் கூந்தல் இயல்புக்கு ஏற்ற பொய்ம்முடி செய்து விற்றார். செயற்கை இழையைத் தம் வீட்டு அடுப்பிலே வாட்டி வாட்டித்தான் அவர் சரியான பதத்தைக் கண்டார். ஒருவர் அடுப்பில் முடி வாட்டினார். மற்றவர் வீட்டில் பூச்சுக் கலந்தார். ஆராய்ச்சிக்கூடம் இல்லாதவர்களின் ஆராய்ச்சி இவ்வாறே நடைபெறுகிறது.

1983ஆம் ஆண்டு அவர் சென்ற வாடகைக் கார் விபத்துக்குள்ளாகி, முக எலும்புகள் முறிந்தன. முகத்தையே முதலாக வைத்துத் தொழில் செய்பவருக்கு இதனினும் பெரிய இடி வேறு என்ன? சிகிச்சை பெற்று மீண்டும் மேடையேறினார் என்பது உண்மை. இருப்பினும் முகம் என்பது எந்த நேரத்திலும் கைவிடக்கூடிய முதல் என்பதை அன்று அவர் உணர்ந்திராமல் இருந்திருக்க முடியுமா? 1989இல், தொழில் தம்மைக் கைவிடும் முன்னரே, தாம் தொழிலிலிருந்து விலகினார்.

1992இல் அவர் வாழ்வில் இரண்டு நிகழ்ச்சிகள். டேவிட் போவி என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடகரை மணந்தார். 2016இல் போவி மறையும்வரை அந்த இல்லறம் நிலைத்தது. அதே 1992இல், உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாட்டிய சோமாலியாவிற்குச் சென்று, பி.பி.சி. நிறுவனத்துக்காக அங்குள்ள மக்களின் நிலையை உலகுக்குக் காட்டும் படத்தில் பங்கு கொண்டார். எந்த நாட்டிலிருந்து ஓடிவந்தாரோ அந்த நாட்டின் துயரைச் சொல்லத் தம் முகத்தையும் குரலையும் பயன்படுத்தினார். காட்டுக் கதையில் குரலற்றவராக நின்ற பெண்ணே இங்கு வழிநடத்திப் பேசுகிறார்.

1994இல் ‘இமான் காஸ்மெட்டிக்ஸ்’ பிறந்தது. அதில் மூன்று செய்திகளைக் கவனிக்கவேண்டும். ஒன்று, அதை அவர் கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் என்று வரையறுக்கவில்லை. லத்தீன் அமெரிக்கப் பெண், ஆசியப் பெண் என வெள்ளையரல்லாத யாவருக்கும் என்றார். தோல் நிறம் நாட்டெல்லையை அறியாது அல்லவா? இரண்டு, நிறங்களுக்கு அவர் இட்ட பெயர்கள். மணல், களிமண், நிலம் என்று பெயரிட்டு எண்களால் வகைப்படுத்தினார். வெண்மையிலிருந்து எவ்வளவு தொலைவு என்று அளக்கும் பெயர்கள் அல்ல அவை. நாம் நடக்கும் பூமியின் பெயர்கள். மூன்று, விற்ற இடம். செல்வர்கள் மட்டும் நுழையும் மாளிகைக் கடைகளைத் தேடாமல், ஜே.சி. பென்னி போன்ற நடுத்தரக் குடும்பத்தார் செல்லும் கடைகளில் வைத்தார். 2004இல் பிராக்டர் அண்டு கேம்பிள் என்ற பெருநிறுவனத்துடன் விநியோக உடன்பாடு ஏற்பட்டது. 2007 முதல் தொலைக்காட்சி வாயிலாகத் தம் பெயரால் ஆடை அணிகளையும் விற்றார்.

பெரிய நிறுவனங்கள் அவர் கண்டதை மிகத் தாமதமாகவே கண்டன. 2017இல் ரிஹானா என்னும் பாடகி 40 நிறங்களில் பவுண்டேஷன் வெளியிட்டபோது உலகம் வியந்தது. மற்றவர்களும் விரைந்து நிறங்களைக் கூட்டினார்கள். இமானின் புட்டி பிறந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘ஒரு காலத்தில் ஒருவர் போதும்’ என்ற அந்தப் பழைய விதியால் பயன்பெற்றவர் என்று இமானைக் குறை கூறலாம். ஆனால் அவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. 2013இல் பெத்தன் ஹார்டிசன், நவோமி கேம்பல் ஆகியோருடன் இணைந்து, நியூயார்க், லண்டன், பாரிஸ், மிலான் நகரங்களின் ஆடைத் தொழில் அமைப்புகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதும் இயக்கத்தில் நின்றார். வெள்ளையரல்லாத பெண் ஒருவரை மட்டும் வைத்தோ, ஒருவரும் இல்லாமலோ காட்சி நடத்திய ஆடை நிறுவனங்களின் பெயர்களை அக்கடிதம் வெளிப்படையாகக் கூறியது. தாம் ஏறிவந்த ஏணியைப் பிறருக்காக அகலப்படுத்துவது, புகழ் பெற்றவர்கள் யாவரும் செய்யும் காரியம் அன்று.

இவ்வளவும் கூறியதால், முகப்பூச்சு வியாபாரத்தை நான் போற்றுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். உள்ள குறையைப் போக்குவதைவிட இல்லாத குறையைக் கற்பித்துப் பொருள் ஈட்டுவது அவ்வியாபாரத்தின் பழைய வழக்கம்; கரிய மேனியை வெளுப்பாக்குவதாகச் சொல்லி நம் நாட்டில் பல்லாண்டுகள் விற்ற களிம்புகளை நீங்கள் அறிவீர்கள். இமானுக்கு வாய்த்த கல்வியும் குடிப்பிறப்பும் நல்லூழும் எல்லோருக்கும் வாய்ப்பன அல்ல என்பதும் மெய்யே. ஆனால் அந்தக் களிம்பு உன் தோலை மாற்று என்றது. இமானின் புட்டி உன் தோலுக்கு ஏற்ப நான் மாறுகிறேன் என்றது. இரண்டும் கடையில் ஒரே அலமாரியில் இருக்கலாம். அவற்றினிடையே உள்ள தொலைவு பெரிது.

ஆகவே நாம் எழுப்பிய வினாவிற்கு விடை இதுதான். தம் கதை, தம் கூலி, தம் நிறம் ஆகிய மூன்றையும் பிறர் நிர்ணயிக்க விடாமல் அவர் தம் கைக்குள் கொண்டுவந்தார். முகம் அவருக்கு வாயிலைத் திறந்தது. உள்ளே சென்றபின் அவர் கண்ணால் கண்டு, கையால் கலந்து, கணக்கிட்டுச் சேர்த்த அறிவே முதலாயிற்று. முகம் தேயும், அந்த முதல் தேயவில்லை.

பள்ளி மேடையில் சாம்பல் பூத்த முகத்தோடு நின்ற அந்தச் சிறுவனை நான் இன்றும் நினைப்பதுண்டு. குறை உன்னிடம் இல்லை தம்பி, அந்தப் பெட்டியில் ஒரே நிறம்தான் இருக்கிறது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! எனக்குச் சொல்ல யாருமில்லை. உங்களுள் யாருக்கேனும் அந்தச் சொல் தேவைப்படலாம். ஆதலால் இன்று நான் சொல்லிவிட்டேன்.